ஜனவரியில் வெள்ளரி

அக்டோபர் கடைசி வாரத்தில் வர்ஜீனியாவில் எங்கே போனாலும் உறைபனிப் பேச்சுதான். இன்றைக்கு விழுமா, அடுத்த வாரம் விழுமா என்று பெட்ரோல் பங்கில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் தக்காளிச் செடி கொதிநீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கிவிடும். வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அதே கதி. அதனால் அந்தச் சில நாட்களில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு கண்ணை வானத்திலும் ஒரு கையைக் கூடையிலும் வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது மான்டிசெல்லோவுக்கு. அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் மலையுச்சியில் கட்டிக்கொண்ட வீடு அது. ரிச்மண்டிலிருந்து மேற்கே எழுபது மைல். ஐந்து சென்ட் நாணயத்தின் பின்புறம் 1938 முதல் பெரும்பாலும் அந்த வீட்டின் படம்தான். சித்தியிடம் நாணயத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீடு கெடக்கட்டும், தோட்டம் இருக்குன்னியே, அது எங்க?" என்றார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அறுபது வயதுவரை கொல்லையில் ஏதாவது ஒன்றை ஊன்றிக்கொண்டே இருந்தவர். மகன் வீட்டுக்கு வந்து சில மாதங்களாக மண்ணைத் தொடாமல் இருந்ததில் கை அரித்துக்கொண்டிருந்தது அவருக்கு.

மலை என்றாலும் பெரிய உயரமில்லை, 867 அடிதான். ஆனால் அந்த உயரம் செய்கிற வேலை பெரிது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும்; உச்சியில் அந்தளவுக்குக் குளிராது. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் பள்ளத்துப் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்க, மேட்டுச் சரிவுத் தோட்டங்கள் தப்பித்துக்கொள்வது இதே காரணத்தால்தான். கீழே சார்லட்ஸ்வில் நகரத்துப் பழமரங்கள் பனியில் கருகினாலும் தன் மலை தப்பிவிடுகிறது என்பதை ஜெபர்சனும் கவனித்து வைத்திருந்தார். நாங்கள் போன அன்று வழியோரப் பண்ணைகளில் கொடிகள் வதங்கிக் கிடந்தன. மேலே ஏறினால் வெண்டைச் செடி ஆளுயரத்துக்கு நின்று, நுனியில் மஞ்சள் பூவோடு காய்த்துக்கொண்டிருக்கிறது.

வீட்டைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியோடு அரை மணி நேரத்துக்குமேல் போயிற்று. கடிகாரங்கள், புத்தகங்கள், மான் கொம்புகள். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நேராகத் தென்கிழக்குச் சரிவுக்கு இறங்குவோம்.

தோட்டம் 1,000 அடி நீளம், 80 அடி அகலம். மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கிய ஒரே நீளப் படிக்கட்டு நிலம். கீழ்ப்பக்கம் அதைத் தாங்கி நிற்கிற கல்சுவர், சில இடங்களில் 12 அடிக்கும் மேல் உயரம். நிலத்தை 24 சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். காய்க்காக வளர்ப்பவை, கிழங்குக்காக வளர்ப்பவை, கீரைக்காக வளர்ப்பவை என்று ஜெபர்சன் வகுத்த வரிசை இன்னும் தொடர்கிறது. அவர் காலத்தில் இதைச் சுற்றிப் பத்தடி உயரத்துக்கு மரப்பலகை வேலி இருந்தது. முயல் குட்டிகூட நுழையாதபடி நெருக்கமாக அடிக்கச் சொல்லியிருந்தார். சுவரின் நடுவில், திராட்சைத் தோட்டத்தையும் பழத்தோட்டத்தையும் பார்த்தபடி, நான்கு பக்கமும் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னச் சதுர மண்டபம் ஒன்று. மாலையில் அவர் அங்கே உட்கார்ந்து படிப்பாராம். அவர் இறந்த சில வருடங்களிலேயே புயற்காற்றில் அது விழுந்துவிட்டது. 1979இல் தொடங்கிய அகழாய்வில் மண்டபத்தின் அடித்தளம், வேலிக் கம்பங்களின் குழிகள், சுவரின் எச்சங்கள் எல்லாம் கிடைக்க, அவற்றை வைத்துத்தான் எண்பதுகளில் மறுபடி கட்டினார்கள். இன்றைக்குப் பார்ப்பது மீட்டெடுத்த தோட்டம். ஆனால் வரைபடம் மண்ணே கொடுத்தது.

வீட்டின் மேற்குப் புல்வெளியைச் சுற்றி வளையும் பாதை நெடுக இன்னும் பூக்கள் இருந்தன. பூக்களைப் பார்த்ததும் சித்தி நின்றுவிட்டார். "இதென்ன, நம்ம ஊரு வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு!" அவர் சொன்னதில் மிகையில்லை. வாடாமல்லி, ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டை, செண்டுமல்லி, வெயில் சாய்ந்ததும் விரியக் காத்திருக்கும் அந்திமந்தாரை. 1767 ஏப்ரலில், இந்த வீடு எழும் முன்பே, பிறந்த ஊரான ஷாட்வெல்லில் ஜெபர்சன் விதைத்த பூக்களின் பட்டியல் அவருடைய தோட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் வாடாமல்லி உண்டு, காசித்தும்பை உண்டு, கோழிக்கொண்டை உண்டு, தொட்டாற்சிணுங்கிகூட உண்டு. அப்போது அவருக்கு 23 வயது. தொட்டாற்சிணுங்கியைக் காசு கொடுத்து வாங்கி விதைத்திருப்பார் என்று சொன்னபோது சித்தி சிரித்த சிரிப்பில் முன்னால் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பூக்களுக்கும் ஆயுள் அதிகமில்லை. உறைபனி அடித்ததும் பிடுங்கிவிட்டு அதே பாத்தியில் வசந்தத்துக்கான டூலிப் கிழங்குகளை ஊன்றுவார்கள்.

தோட்டத்தின் நடுவே ஒரு கம்புப் பந்தல். அதன்மேல் கொடி அடர்ந்து ஏறியிருக்கிறது. ஊதா நிறத் தண்டு, இளஊதாப் பூங்கொத்து, பளபளவென்று கத்தரிக்காய் நிறத்தில் தட்டைக் காய்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் பந்தலுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சித்தி ஒரு காயை விரலால் தடவிப் பார்த்தார்.

"டேய், இது அவரைடா."

அவரைதான். அமெரிக்காவில் இதைப் பூக்கொடியாகத்தான் தெரியும். பிலடெல்பியாவில் விதைக்கடை வைத்திருந்த பெர்னார்ட் மக்மேகன் இதை 1804லேயே விற்றார். ஜெபர்சனுக்கு விதை அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். பந்தலருகே நின்ற தன்னார்வலர் அம்மாவிடம், எங்கள் ஊரில் இதைப் பொரியல் செய்வோம், சாம்பாரில் போடுவோம் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் பதறி, விதையில் நஞ்சு உண்டு என்று எச்சரித்தார். அவர் சொன்னது பொய்யல்ல. முற்றிக் காய்ந்த விதையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, நீரை வடித்துத்தான் உண்ண வேண்டும். பிஞ்சுக் காயில் அந்த வம்பில்லை. மொழிபெயர்த்துச் சொன்னேன். சித்தி அந்த அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்து, "முத்தின காயை யாரு திங்கச் சொன்னா? பிஞ்சாப் பறிக்கணும், நார் உரிக்கணும். பறிக்காம விட்டா கொடிக்கும் கேடுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அந்த அம்மா குறித்துக்கொண்டார்.

நம் நாட்டு அவரை பகல் பொழுது குறையக் குறையத்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்துத் தை வரை காய்ப்பது அதனால்தான். வர்ஜீனியாவில் அந்தக் குறும்பகல் வரும்போது பின்னாலேயே உறைபனியும் வந்துவிடும். இந்த ஊதா வகை கொஞ்சம் அவசரக்காரி. கோடையிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது. அவரை நம்முடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் காட்டு உறவுகள் ஆப்பிரிக்காவில்தான். இங்கே வந்து எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகி, நம் பொங்கல் குழம்பிலேயே கலந்துவிட்டது.

எள் பயணம் செய்தது எதிர்த்திசையில். முதன்முதலில் பயிராக்கப்பட்டது நம் துணைக்கண்டத்தில். ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களில் கரோலினாவுக்கு வந்தது. ஜெபர்சனுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது, ஆலிவ் எண்ணெயை அமெரிக்காவிலேயே உண்டாக்க வேண்டும் என்று. ஆலிவ் மரம் அங்கே பிழைக்கவில்லை. 1808இல் நல்லெண்ணெய் அவர் கைக்கு வந்தது. சாலட்டில் ஊற்றி விருந்தினருக்குப் பரிமாறினார். யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பூரித்து எழுதியிருக்கிறார். மான்டிசெல்லோவில் எள் விதைத்தார், விளைந்தது. ஆனால் அழுத்திப் பிழியும் கருவியில் எண்ணெய் எடுக்கும் முயற்சி சரியாக வரவே இல்லை. இதைக் கேட்டதும் சித்திக்கு ஆற்றாமை. "ஒரு செக்காடியைக் கூட்டிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு ஆட்டினா பிண்ணாக்கு தானாப் பிரிஞ்சு வரும்." உலர்ந்த எள் செடிகள் ஒரு சதுரத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றன. ஒரு நெற்று வெடித்து, சித்தியின் உள்ளங்கையில் நாலைந்து எள் விழுந்தது. வாயில் போட்டுக்கொண்டார். சட்டப்படி சரியா என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு மூலையில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய மிளகாய்கள், நிமிர்ந்து நிற்கும் சிவப்பு மணிகள். 1813இல் சாமுவேல் பிரவுன் என்பவர் டெக்ஸஸ் பகுதியிலிருந்து வந்த இந்த விதையை ஜெபர்சனுக்கு அனுப்பினார். அவர் கொஞ்சத்தை மக்மேகனுக்கு அனுப்பிவைத்தார். பிலடெல்பியாக்காரர்கள் அதையும் தொட்டியில் வைத்து அழகு பார்த்தார்களாம். மிளகாயையும் பூவாக்கிவிட்டார்கள் என்று நான் சொல்ல, சித்தி பதில் சொல்லாமல் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

அங்கே வேறு பருவம் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. முட்டைக்கோஸ், கேல் கீரை, டர்னிப், பசலை. இவை உறைபனிக்கு அஞ்சுபவை அல்ல. குளிர் பட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு உறையாமல் காத்துக்கொள்ளும். அதனால் பனிக்குப் பிறகு பறிக்கும் கேல் இனிக்கும். சர்க்கரைவள்ளிக் கொடியை அறுத்துப் போட்டுக் கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்தார்கள். செம்மண் அப்பிய கிழங்குகள் சாக்கின்மேல் காய்ந்தன. வேலை முடிந்த சதுரங்களில் எரு கொட்டியாயிற்று. 1793இல் மகள் மார்த்தா, செடிகளைப் பூச்சி அரிப்பதாக எழுதியபோது ஜெபர்சன் சொன்ன வைத்தியம் இதுதான்: மண் மெலிந்ததால் செடி மெலிந்தது, செடி மெலிந்ததால் பூச்சி வந்தது; வரும் குளிர்காலத்தில் தோட்டம் முழுக்க எருவைக் கனமாகப் போர்த்திவிட வேண்டும். இன்றைக்கு இயற்கை விவசாயக் கூட்டங்களில் பேசுவது போலவே இருக்கிறது. திங்கள்கிழமை தோறும் ஒரு விரலுறை அளவு லெட்யூஸ் விதையைப் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை விதைக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த ஒழுங்கு. 1766இல் தொடங்கி 1824 வரை குறிப்பேடு எழுதினார். எது செத்தது, எதைப் பூச்சி தின்றது என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிய மனிதர். 99 இனங்களில் 330 வகைகள் இந்த மண்ணில் சோதிக்கப்பட்டன.

எழுதினார் என்பது சரி. விதைத்தது யார்?

தோட்டத்துக்கு நேர் மேலே ஒரு மண்பாதை. மல்பெரி ரோ என்று பெயர். அங்கேதான் ஆணிப் பட்டறையும் தச்சுப் பட்டறையும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் குடிசைகளும் இருந்தன. வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை ஜெபர்சன் உடைமையாக வைத்திருந்தார். இந்த 1,000 அடி நிலத்தை மலையிலிருந்து வெட்டி எடுத்ததும் அவர்கள் போன்றவர்கள்தான். பிரடெரிக்ஸ்பர்க் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து வாடகைக்கு எடுத்த ஏழு அடிமைகள், கோவேறு கழுதை வண்டியோடு, மூன்று ஆண்டுகளில் சுமார் 6 லட்சம் கன அடி செம்மண்ணை நகர்த்தினார்கள். 1809இல் பதவி முடிந்து அவர் ஊர் திரும்பியபோது தோட்டம் தயாராக இருந்தது.

அந்த ஆண்டுகளில் பெரிய வீட்டுச் சமையலறைக்குக் காய்கறி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஜெபர்சனின் குறிப்பேடு அல்ல, அவருடைய பேத்தி ஆன் கேரி ராண்டால்ஃப் வைத்திருந்த வீட்டுக் கணக்கு நோட்டு. 1805இல் எழுதத் தொடங்கியபோது அவளுக்கு 14 வயது. 1808 வரை எழுதினாள். யாரிடம் என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் எழுதிய நோட்டு. அதிலும் ஜெபர்சனின் சொந்தக் கணக்குப் புத்தகங்களிலும் தேடி எடுத்தால், அடிமைகளிடமிருந்தே காசு கொடுத்து வாங்கியவை நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. 43 பேர்வரை விற்றிருக்கிறார்கள், 22 வகைக் காய் கனிகள். முதலிடம் வெள்ளரிக்கு. பிறகு முட்டைக்கோஸ், தர்பூசணி, உருளைக்கிழங்கு, தட்டைப் பூசணி, கீரை.

குடிசைகளை ஒட்டி அவரவர்க்கென்று சிறு துண்டு நிலம் இருந்தது. பகல் முழுக்க எஜமானருக்கு. இரவில் நிலா வெளிச்சத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தங்களுக்கு. ஸ்குவயர் என்பவர் பல ஆண்டுகளில் முப்பது விதமான பொருட்களை விற்றிருக்கிறார். அவருடைய மருமகன் பேக்வெல் 60 பவுண்டு ஹாப்ஸை 20 டாலருக்கு விற்றார். பீர் காய்ச்சுவதற்கான கசப்புப் பூ அது. காய்ந்தபின் எடையே இருக்காது. 60 பவுண்டு சேர்ப்பது எத்தனை மாலைகளின் வேலை என்பதைப் பறித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்தக் கணக்குகளில் என்னை நிறுத்தியது வேறு. சில கொள்முதல்கள் பருவத்துக்கே பொருந்தவில்லை. டிசம்பரிலும் பிப்ரவரியிலும் உருளைக்கிழங்கு. ஏப்ரலில் ஆப்பிள். ஜனவரியில் வெள்ளரி. பனி மூடிய வர்ஜீனியாவில் ஜனவரி மாதம் வெள்ளரி எங்கிருந்து வரும்? உப்பிலோ காடியிலோ ஊறப் போட்டதாக இருந்திருக்க வேண்டும். குடிசைகளை அகழ்ந்தபோது பலவற்றின் தரைக்கு அடியில் சதுரக் குழிகள் தென்பட்டன. சாமான்களை ஒளித்து வைக்கவும், கிழங்கும் பழமும் கெடாமல் வைக்கவும் தோண்டியவை. ஐப்பசி மாதத்து விளைச்சலைத் தரைக்கடியில் இறக்கி, பெரிய வீட்டில் தட்டுப்பாடு வரும் மாதம்வரை பொறுத்திருந்து விற்றிருக்கிறார்கள். சந்தையில் எதை எப்போது இறக்க வேண்டும் என்பது தெரிந்த ஆட்கள். அவர்களே அந்தச் சந்தையில் விலை போகக்கூடியவர்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் மறுபக்கம்.

குறிப்பேடு எழுதுகிறவருக்குத் தோட்டம் என்பது ஆராய்ச்சி. வெள்ளரி வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிட்டு இரவு உணவுக்குப் போகலாம். தரைக்கடியில் குழி தோண்டியவருக்கு அப்படி இல்லை. மான்டிசெல்லோவின் உண்மையான காய்கறித் தோட்டம் எது என்று என்னைக் கேட்டால், பாதையோரக் குடிசைகளைத்தான் கைகாட்டுவேன். அந்தத் துண்டு நிலங்களின் வரைபடம் எங்கும் இல்லை. வெண்டைக்காய் சூப்புக்கான செய்முறை ஜெபர்சன் குடும்பத்தார் கையெழுத்தில் இருக்கிறது; வெண்டையை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்தவர்கள், அதைக் குழைய விட்டுச் சமைக்கத் தெரிந்தவர்கள் கையெழுத்தில் ஒன்றும் இல்லை.

வோர்ம்லி ஹியூஸ் என்ற பெயரை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். தலைமைத் தோட்டக்காரர். விதைகளை ஊன்றியதும், தொலைவிலிருந்து வந்த கிழங்குகளையும் மரக்கன்றுகளையும் நட்டதும் அவர் கை. 1826 ஜூலையில் ஜெபர்சனுக்குக் குழி வெட்டியதும் அவரே. அவரைக் குடும்பத்தார் வாய்மொழியாக விடுவித்தார்கள். ஆனால் ஜெபர்சன் விட்டுப்போன கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். 1827 ஜனவரியில் இந்த மலையில் நடந்த ஏலத்தில் வோர்ம்லியின் மனைவி அர்சுலாவும் எட்டுப் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள்.

சித்தியிடம் இதைச் சொன்னபோது அவர் கல்சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சுவரின் அடியில் வெயில் காயும் பாத்தியில் அத்தி மரங்கள். கல் பகலில் சூடேறி இரவில் விடுவதால் குளிர் தாங்காத அத்திக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். "எட்டுப் புள்ளைங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வெகுநேரம் வெண்டைச் செடி எந்த வகை என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கடையில் ஊதா அவரை விதை பொட்டலமாக விற்கிறார்கள். படத்தில் பூ மட்டும். சித்தி இரண்டு வாங்கினார். ஊருக்குக் கொண்டுபோகச் சான்றிதழ் வேண்டும், சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று சொன்னேன். "ஊருக்கு எதுக்கு? அங்க இல்லாததா? உன் தம்பி வீட்டு வேலியில போடறதுக்கு" என்றார்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு பண்ணைக் கடை. ஆப்பிள், பூசணி, கட்டுக் கட்டாகக் கேல். கடைக்காரப் பெண், இன்னும் ஒரு வாரத்தில் கடும் பனி விழும், அதன்பிறகு இந்தக் கீரை இன்னும் இனிப்பாக இருக்கும் என்றார். மொழிபெயர்த்தேன். "அப்ப இன்னைக்கு இனிப்பு கம்மிதானே? விலையைக் குறைக்கச் சொல்லு" என்றார் சித்தி.